பதினாலாம் தேதி பேர் கூப்பிடுவார்கள்

செலையூர், தாம்பரம் கிழக்கு
8-2-2004

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் ஆஷாவும் சுகம். உங்கள் முழங்கால், உங்கள் ஆடு ராணி, உங்கள் மண்ணெண்ணெய் அடுப்பு மூவரும் சுகந்தானா?

போன வாரம் போன் செய்தேனே, நான் சொன்னதில் ஒரு வார்த்தையாவது கேட்டதா? “நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்” என்று கத்திவிட்டு வைத்துவிட்டீர்கள். நிலக்கரிச் சுரங்கத்து வெடிச் சத்தம் உங்கள் காதைத் தின்ற பிறகு, ஊரெல்லாம் செல்போன் வைத்திருந்தாலும் நமக்குத் தபால்காரர்தான் கதி. ஆகவே போனில் கத்தியதை இதில் எழுதுகிறேன்.

ஆஷாவுக்குக் கல்யாணம். பையன் பெயர் ஜோனத்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பாக்டரியில் சூப்பர்வைசர். நம்மவள் காட்டாங்குளத்தூரில் காலேஜ் லெக்சரர் ஆகி மூன்று வருஷம் ஆகிறதல்லவா, இரண்டு பேரும் ஒரே செங்கல்பட்டு வண்டியில்தான் போகிறார்களாம். எத்தனை நாளாகப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். பையனின் அப்பா வேதசிரோமணி ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆனவர், நல்ல மனிதர், கொஞ்சம் அதிகம் பேசுவார்.

ஜூலை 15, வியாழக்கிழமை. ஆடி பிறந்தால் தன் பழைய ஆபீஸ்காரர்கள் வரமாட்டார்கள் என்று சம்பந்தி சொல்கிறார். அதற்கு முன்னால் ஹாலில் காலியாக இருந்தது அந்த ஒரு நாள்தான்.

வில்பிரட் உங்கள் சுரங்கத்துத் தண்ணீரோடு போனபோது ஆஷா மூன்று மாதக் குழந்தை. அப்பா கையைப் பிடித்து அவள் நடந்ததே இல்லை. சர்ச்சுக்குள் அவளைக் கைபிடித்து அழைத்துப் போக நீங்கள் வர வேண்டும். வந்தவர் திரும்பிப் போகவும் கூடாது. ரிடையர் ஆகி இரண்டு வருஷம் அங்கே என்ன செய்கிறீர்கள்? மாடியில் உங்களுக்காக ஒரு அறை போட்டிருக்கிறேன். வெளிச்சம் பிடிக்காமல் போய்விட்டதோ என்னவோ, இருந்தாலும் ஜன்னல் பெரிதாகவே வைக்கச் சொன்னேன்.

உங்கள் தங்கை,
ஞானஜோதி


போரியாடி கோலியரி, தன்பாத் வழி
27-2-2004

என் பிரிய ஜோதிக்கு,

அண்ணன் துரைராஜின் ஆசீர்வாதம். நலமாக இருக்கிறேன். அடுப்பு நன்றாக எரிகிறது. ராணி சினையாக இருக்கிறாள்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரே ஹிதாயத்துல்லாவிடம் போனேன். நம் பல்லாவரத்துக்காரர், இங்கே ஹாஜரி பாபு, அதாவது சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் பேரைக் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் குமாஸ்தா. அவருக்குப் படித்துக் காட்டினேன். நான் எவ்வளவு சத்தமாகப் படித்தேனோ, பக்கத்து ஆபீஸ்காரர்கள் எல்லாம் எழுந்து வந்து கை குலுக்கினார்கள். ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். ஆஷாவுக்குக் கல்யாணம் என்று நாலு பாஷையில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ஜூலையில் இங்கே மழை பலமாக இருக்கும். முழங்கால் வேறு. ராணி அப்போதுதான் குட்டி போட்டிருப்பாள். பார்க்கலாம் அம்மா. தேதியைக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ தள்ள முடியாதா? முடியாது என்றால் பரவாயில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. செங்கல்பட்டு வண்டியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
துரைராஜ்


செலையூர்
14-3-2004

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். தண்ணீர் மட்டும் சுகமில்லை. கிணறு வற்றிவிட்டது. லாரி என்றைக்கு வரும் என்று சொல்வதில்லை. வருகிற சத்தம் கேட்டால் ஸ்கூல் ஆபீஸில் பாதி டைப் அடித்ததை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து குடத்தோடு நிற்கிறேன். ஹெட்மிஸ்ட்ரஸும் அதே வரிசையில் நிற்பதால் திட்டுவதில்லை.

உங்கள் கடிதத்தை ஆஷா வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். “மாமா ஆட்டைக் கூட்டிக்கிட்டே வரட்டும்மா, மாடியில கட்டிக்கலாம்” என்கிறாள். முழங்காலுக்கு இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார். மழைக்குப் பயந்து ரயில் ஏறாதவர் யாரும் இல்லை. வேறு ஏதாவது காரணம் மிச்சம் இருந்தால் அதையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுங்கள், தபால் செலவு மிச்சம்.

தேதியை மாற்ற முடியாது. ஹாலுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. ஜூலை 13 அன்று இங்கே இருக்கிற மாதிரி வண்டி ஏறுங்கள்.

ஒன்று நிஜமாகக் கேட்கிறேன். அம்மா இறந்தபோது வந்தீர்கள், நாலு நாள் இருந்தீர்கள். ஆஷா டிகிரி வாங்கியபோது வந்தீர்கள், இரண்டு நாள். எங்கள் வீட்டில் என்ன குறை, அண்ணா?

தங்கை,
ஜோதி


போரியாடி
12-4-2004

என் ஜோதிக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. நேற்று சர்ச்சில் நாங்கள் ஒன்பது பேர்தான். பாட்டு எனக்குக் கேட்காவிட்டாலும் மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பாடிவிட்டேன். ஒரு வரி முன்னாலேயே முடித்துவிட்டேன் போலிருக்கிறது, பாதிரியார் சிரித்தார்.

உன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. அப்படி நினைக்காதே. கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. ஆகஸ்டில் கட்டாயம் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறேன். கோவிலம்பாக்கத்தில் நம் சித்தப்பா மகன் தயாளன் இருக்கிறான், அவன் கைபிடித்து அழைத்துப் போகட்டும். என்னைவிட உயரம், கோட்டும் வைத்திருக்கிறான்.

கோபப்படாதே அம்மா. வெயிலில் குடம் தூக்காதே.

அண்ணன்


செலையூர்
25-4-2004

அண்ணனுக்கு,

தயாளனிடம் சொல்லிவிட்டேன். கோட்டு இருக்கிறதாம்.

அந்த ஊர் என் புருஷனை எடுத்துக்கொண்டது, உங்கள் காதை எடுத்துக்கொண்டது. இப்போது ஒரே அண்ணனையும் எடுத்துக்கொண்டது என்று நினைத்துக்கொள்கிறேன். மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

ஜோதி


செலையூர்
23-5-2004

அன்புள்ள மாமாவுக்கு,

ஆஷாவின் வணக்கம். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீங்கள் நடுவில் போட்ட இரண்டு கார்டும் வந்தன. அம்மா படித்துவிட்டு பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்கள், பதில்தான் எழுதவில்லை. மாடி அறையைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்குச் சமையல் வாசனை பிடிக்காது என்றும், இன்னொருவருக்கு மீசை சரியில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அறையைத் தினமும் பெருக்குகிறார்கள்.

நீங்கள் ஏன் வரவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். கல்யாணப் பத்திரிகையில் ‘காலஞ்சென்ற வில்பிரட்’ என்று அச்சடித்திருக்கிறது. ஜோனத்தான் அதைப் படித்துவிட்டு, அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். “சுரங்கத்தில் தண்ணீர் வந்து” என்று மூன்று வார்த்தை சொன்னேன். நாலாவது வார்த்தை எனக்குத் தெரியவில்லை, மாமா. அம்மாவிடம் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள். அது என்ன சுரங்கம், யார் தோண்டியது, அங்கே என்ன நடந்தது, இப்போது அப்பாவை அங்கே யாராவது நினைக்கிறார்களா, எழுதுங்கள். தெரிந்துகொண்டு கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

உங்கள்,
ஆஷா


போரியாடி
10-6-2004

என் கண்ணு ஆஷாவுக்கு,

மாமாவின் முத்தம். நீ சுகமாக இருக்க வேண்டும். கேட்டதை எழுதுகிறேன், எனக்குத் தெரிந்த அளவில்.

முதல் குழியைத் தோண்டியது ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது புருஷன் வெட்ட, பெண்சாதி கூடையில் சுமந்து மேலே ஏறுவாளாம். கூரை இடிந்து செத்தவர்கள், வாயு தீப்பிடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எங்கும் இல்லை. குழி வாய்க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் இருக்கிறது. அதில் ஒரு துரையின் பெயர் அழகாகச் செதுக்கியிருக்கிறது. கீழே ‘மற்றும் கூலிகள்’ என்று ஒரு வரி. எத்தனை கூலிகள் என்றுகூட இல்லை.

கம்பெனிகள் கை மாறின, பிறகு சர்க்கார் எடுத்தது. பழைய கம்பெனி வெட்டிக் கைவிட்ட பக்கமெல்லாம் மழைத்தண்ணீர் நின்றது. நாங்கள் வெட்டிய பக்கத்துக்கும் அதற்கும் நடுவே தடித்த நிலக்கரிச் சுவர் இருப்பதாக வரைபடம் சொன்னது. சுவர் இருந்தது, தடிமன் இல்லை. 77 ஜூலை பதினொன்றாம் தேதி காலை ஷிப்டில் அது உடைந்தது.

உன் அப்பா கீழ்மட்டத்தில் பம்பு ஓட்டுகிறவர். அவர் ஓடி வந்திருக்கலாம். பம்பை நிறுத்தவில்லை. அது ஓடிய வரைக்கும் மேல்மட்டத்தில் தண்ணீர் இடுப்பைத் தாண்டவில்லை, அதற்குள் அங்கிருந்தவர்கள் ஏறி வந்துவிட்டார்கள். அவர்களில் நானும் ஒருவன். இதை நான் உன் அம்மாவிடம் சொன்னதில்லை.

பதினாறு பேர் வரவில்லை. நாலு நாள் வெளியிலிருந்து பம்பு வைத்து இறைத்தார்கள். பதினாலாம் தேதி சாயங்காலம் நிறுத்திவிட்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் குழி வாயில் ஹாஜரி பாபு பேர் கூப்பிடுவார். ஏறி வந்தவன் ‘ஊப்பர்’ என்பான், மேலே வந்துவிட்டேன் என்று அர்த்தம். ஒரு பேருக்காவது பதில் வராவிட்டால் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அன்றைக்குப் பம்பு நின்றதும் ஹிதாயத்துல்லா அந்த ஷிப்டின் பேர்களைக் கூப்பிட்டார். உயிரோடு இருந்தவர்கள் ‘ஊப்பர்’ என்றோம். வராதவர் பேர் வந்தபோது அவருடைய ஆள் யாரோ அவர் ‘அந்தர்’ என்று சொன்னார், உள்ளே இருக்கிறார் என்று. அப்படித்தான் அன்று வீட்டுக்குப் போனோம். அதிலிருந்து ஒவ்வொரு ஜூலை பதினாலும் அதே இடத்தில் அதே பேர்களைக் கூப்பிடுகிறோம். உன் அப்பா பேருக்கு நான் பதில் சொல்கிறேன். அவருக்கு இங்கே வேறு ஆள் இல்லை. நீங்கள் தாம்பரம் சர்ச்சில் பதினொன்றாம் தேதி ஜெபம் வைக்கிறீர்கள், பதினாலு உங்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் கடைசி. மழை முடிந்ததும் குழியை மண் கொட்டி மூடி சிமெண்டு போட்டுவிடுவார்கள். பதினாலு சாயங்காலம் இங்கே நின்றுவிட்டு, பதினைந்து காலை தாம்பரத்தில் நிற்க எந்த ரயிலும் இல்லை, கண்ணு.

இன்னும் ஒன்று. நான் செய்தியோடு தாம்பரம் வந்தபோது உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “அவரை அங்க தனியா விட்டுட்டா வந்தீங்க?” என்று கேட்டாள். அன்று ராத்திரி வண்டிக்கே இங்கே திரும்பிவிட்டேன். அதுதான் விஷயம். அம்மாவிடம் சொல்லாதே, மனசு கஷ்டப்படுவாள்.

உன் மாமா,
துரைராஜ்


செலையூர்
20-6-2004

என் அண்ணனுக்கு,

எனக்கு வராத கடிதம் என் மகளுக்கு வந்தால் பிரிப்பேனா மாட்டேனா? பிரித்தேன். ஆஷா சத்தம் போட்டாள், போடட்டும்.

நான் அப்படிக் கேட்டதே எனக்கு ஞாபகம் இல்லை, அண்ணா. ஐந்து நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன். அன்றைக்கு ஆஷா பாலுக்கு அழுதது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் செருப்பைக் கழற்றாமல் நின்றது ஞாபகம் இருக்கிறது. அந்த வார்த்தை இல்லை. ராத்திரி வண்டிக்கே கிளம்பிவிட்டீர்கள் என்றதும், இந்த மனுஷருக்கு வேலைதான் பெரிசு என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படியே நினைத்து, வருஷத்துக்கு ஒரு கடிதத்திலாவது அதைக் குத்திக் காட்டியும் இருக்கிறேன். நீங்களும் ஆட்டைப் பற்றி எழுதியே சமாளித்துவிட்டீர்கள்.

அது கேள்வி இல்லை, அண்ணா. இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கு அழ வரவில்லை, அதனால் அப்படி வாயில் வந்திருக்கிறது. நான் மறந்துபோன ஒரு வார்த்தைக்கு நீங்கள் இருபத்தேழு வருஷம் அங்கே நின்றிருக்கிறீர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு ஜூலையில்கூட நீங்கள் இங்கே இருந்ததில்லை என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எனக்கு உங்கள் மேல் வருகிற கோபத்தை விட அன்பு அதிகமாக இருக்கிறது, அதனால் திட்டாமல் விடுகிறேன்.

பம்பை அவர் நிறுத்தவில்லை என்று எழுதியதைப் பத்து தரம் படித்தேன். எங்கள் வீட்டில் அடுப்பைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டார். அவர் உங்களை மேலே அனுப்பியது அந்த ஊரில் காவல் நிற்பதற்கு இல்லை.

கல்யாணத்தை 19ஆம் தேதி திங்கட்கிழமைக்கு மாற்றியாகிவிட்டது. சம்பந்தியிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். எப்போதும் பேசுகிறவர், படித்து முடித்துக் கடிதத்தை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, “பெண்ணோட மாமா வராம எப்படிங்க?” என்று மட்டும் சொன்னார். ஆடியில் ஹால் கேட்டு ஒருவர் வந்ததில் ஹால்காரருக்கு அவ்வளவு சந்தோஷம், காப்பி வாங்கிக் கொடுத்தார். பத்திரிகையில் புதுத் தேதியை ஆஷாவும் ஜோனத்தானும் கையால் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் பதினாலாம் தேதி போங்கள். அவர் பேரைக் கூப்பிடும்போது ‘அந்தர்’ என்று சொல்லாதீர்கள். ‘ஊப்பர்’ என்று சொல்லுங்கள். அவர் பெண்சாதி சொல்லச் சொன்னாள் என்று சொல்லுங்கள். மூடுகிறவர்கள் வெறும் குழியை மூடட்டும். அவரைக் கூட்டிக்கொண்டு நீங்களும் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஜன்னலுக்குத் திரைத்துணி என்ன நிறம் வேண்டும்?

உங்கள் ஜோதி


போரியாடி
14-7-2004, இரவு

என் ஜோதிக்கு,

ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். நாளை ராத்திரி வண்டி எனக்கு. கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது. நேரில் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

சாயங்காலம் நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு எல்லாரும் வந்தோம். பிழைத்தவர்களில் இப்போது இருப்பது ஏழு பேர். மற்றவர்களுக்குப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எனக்குக் கேட்காது என்பதால் என் பக்கத்தில் நிற்பவர் எப்போதும் தோளைத் தட்டுவார். வில்பிரட் பேர் வந்ததும் தட்டினார்.

‘ஊப்பர்’ என்றேன்.

ஹிதாயத்துல்லா நிமிர்ந்து பார்த்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கூப்பிட்டார், வாய் அசைந்தது தெரிந்தது. மறுபடி ‘ஊப்பர்’ என்றேன். அவர் பெண்சாதி சொல்லச் சொன்னாள் என்றேன். அடுத்த பேர் ஒரு ஒடியாக்காரர், அவருடைய மகன் வந்திருந்தான். அவன் வாயைப் பார்த்தேன். அவனும் ‘ஊப்பர்’ என்றான். அதற்குப் பிறகு ஒருவரும் ‘அந்தர்’ சொல்லவில்லை, ஜோதி. பதினாறு பேரும் மேலே வந்துவிட்டார்கள். முன்னாலேயே ‘அந்தர்’ சொல்லிவிட்ட ஒரு கிழவர் தன் தம்பி பேரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி மாற்றிச் சொன்னார்.

கடைசியாக என் பேர். தோளைத் தட்டினார்கள். எல்லா வருஷமும் சொன்ன வார்த்தைதான், இந்த வருஷம் நான் சொல்லவில்லை. ஹிதாயத்துல்லாவிடம், “என் பதிலைத் தங்கச்சி வூட்டு வாசல்ல போய்ச் சொல்லிக்கிறேன், பாய்” என்றேன். பதில் வராமல் யாரும் போகக் கூடாது என்பது வழக்கமாயிற்றே என்று அவர் யோசித்தார். பிறகு, ஜோதி அம்மா எழுதுகிற வரைக்கும் கணக்கு முடியாது, திறந்தே இருக்கட்டும் என்று நோட்டில் எழுதிக் காட்டி, எல்லாரையும் அனுப்பினார். ராணியையும் அவளுடைய குட்டிகளையும் அவர் வீட்டில் விட்டிருக்கிறேன்.

நான் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பேன். நீ என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. கேட்காவிட்டாலும் உன் வாயைப் பார்த்துக்கொள்வேன்.

திரைத்துணி வேண்டாம். வெளிச்சம் வரட்டும்.

அண்ணன்


செலையூர்
21-7-2004

ஹிதாயத்துல்லா பாய் அவர்களுக்கு,

துரைராஜின் தங்கை ஞானஜோதியின் வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும், ராணி குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தயாளனின் கோட்டை அண்ணன் போட்டுக்கொண்டார், கை மட்டும் நீளம். ஆஷாவை அழைத்துப் போகும்போது பாட்டு முடிந்தது தெரியாமல் மெதுவாக நடந்தார். ஆர்கன் வாசிக்கிறவர் அவருக்காக இன்னொரு தரம் வாசித்தார்.

நீங்கள் கணக்கை முடிக்காமல் வைத்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் தண்ணீர் லாரி வந்த நேரம். தெருவே குடத்தோடு வெளியே நின்றது. ஆட்டோவில் இருந்து பெட்டியோடு இறங்கி, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கடிதம் அன்று காலையிலேயே வந்துவிட்டது. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேரே நின்றேன். அண்ணனை நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாய். இருந்தாலும், “துரைராஜ்” என்றேன்.

“மேலே” என்றார்.

அவருக்குத் தன் சத்தத்தின் அளவு தெரியாதல்லவா, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. லாரிக்காரர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவர் பேருக்குப் பதில் வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு, நீங்களும் வீட்டுக்குப் போங்கள். பல்லாவரம் வரும்போது இங்கே அவசியம் வர வேண்டும். அண்ணன் இப்போது மாடியில் தூங்குகிறார்.

தங்கள் சகோதரி,
ஞானஜோதி